புரட்டாசி சனிக்கிழமையும் புசான் மீன் சந்தையும்

குழு: முத்துநகர்க் குடும்பம்

சனிக்கிழமை

தேன்மொழி: (புகைப்படம்)
எல்லோருக்கும் காலை வணக்கம். உங்களுக்குத்தான் காலை. நாங்கள் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறோம். அவர் கருத்தரங்குக்குப் போய்விட்டார். நான் தென் கொரியாவின் புசான் நகரில், ஜகல்ச்சி மீன் சந்தையில் நிற்கிறேன்.

கோமதி அத்தை: புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமாகப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டுப் போனைத் திறந்தால் ஆக்டோபஸ்!

நிலா: அத்தை, அது இன்னும் அசைகிறது. பெரிதாக்கிப் பாருங்கள்.

கோமதி அத்தை: நீ சும்மா இரு.

சிதம்பரம் பெரியப்பா: தேனு, வியாபாரம் செய்பவர்கள் எல்லோரும் பெண்களாகவே தெரிகிறார்களே?

தேன்மொழி: ஆமாம் பெரியப்பா. ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை கையுறை, அதட்டலான குரல். கொரியப் போர்க் காலத்தில் பிழைக்க வழியில்லாமல் வந்த பெண்கள் கூடையில் மீன் வைத்து விற்றுத்தான் இந்தச் சந்தை வளர்ந்ததாம். ‘ஜகல்ச்சி அக்காமார்’ என்று ஊரே மரியாதையாகச் சொல்கிறது. கீழ்த்தளத்தில் உயிர் மீனைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் மாடியில் சமைத்துத் தருவார்கள். மீன் விலை தனி, மேசைக் கட்டணம் தனி.

சிதம்பரம் பெரியப்பா: மீனுக்கு ஒரு கணக்கு, உட்காருவதற்கு ஒரு கணக்கா? நல்ல பிழைப்பு.

பாலா: அக்கா, அந்தக் கட்டடத்துக்கு மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை விடுமுறை. சனிக்கிழமை போனது நல்லது. மதியம் இரண்டு மணிக்கு யொங்டோ பாலத்தருகே நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்து நடக்கும் தூரம்தான். சனிக்கிழமையில் மட்டும் பாலத்தின் ஒரு பகுதியைத் தூக்குவார்கள்.

சிதம்பரம் பெரியப்பா: பாம்பன் மாதிரியா?

பாலா: இது சாலைப் பாலம் பெரியப்பா. 1934இல் கட்டியது. வாகனங்கள் பெருகியதால் 1966இல் தூக்குவதை நிறுத்திவிட்டார்கள். புதுப்பித்து 2013இல் மறுபடி ஆரம்பித்தார்கள். போரில் குடும்பம் சிதறி ஓடியபோது, புசானில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடம் என்று ‘யொங்டோ பாலத்தில் சந்திப்போம்’ என்று சொல்லிப் பிரிந்தார்களாம். வராதவர்களுக்காகக் காத்திருந்தவர்களை நம்பிப் பாலத்தின் அடியில் சோதிடக்காரர்கள் கடை போட்டிருந்தார்கள்.

மல்லிகா சித்தி: கேட்கவே என்னவோ போல் இருக்கிறது. தேனு, நீ சாப்பிட்டாயா? இன்று சைவம்தானே?

தேன்மொழி: சைவம்தான் சித்தி. நாம்போ தெருவில் ஹொத்தொக் என்று ஒரு பண்டம். வெல்லம் போன்ற பழுப்புச் சர்க்கரையை மாவுக்குள் வைத்துத் தட்டிப் பொரிக்கிறார்கள். பிறகு கத்தரியால் வாயைக் கிழித்து, சூரியகாந்தி விதை, பூசணி விதை, நிலக்கடலை எல்லாம் அள்ளித் திணித்துக் காகிதக் குவளையில் தருகிறார்கள். விதை போடுவது புசான் பழக்கம். பாகு நாக்கைச் சுட்டுவிட்டது, ஆனாலும் இரண்டாவது வாங்கினேன்.

கோமதி அத்தை: எந்த எண்ணெயோ.

பாலா: சைவக்காரர்களுக்கு அங்கே எண்ணெயை விடக் குழம்புதான் ஆபத்து அத்தை. வெறும் கீரைச் சாறு போலத் தெரியும், அடியில் நெத்திலி வேகவைத்த தண்ணீர் இருக்கும். கிம்ச்சியிலும் மீன் சாறோ உப்பிட்ட இறால் குஞ்சோ சேர்ப்பார்கள். ஆனால் அவர்கள் புத்த கோயில் சமையலில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. வெங்காயம் பூண்டு கூடச் சேர்க்கமாட்டார்கள்.

கோமதி அத்தை: அப்படியா! பிறகு அந்தக் கோயிலுக்குப் போகாமல் மீன் கடையில் என்ன வேலை?

தேன்மொழி: நாளை போகிறேன் அத்தை.

சிதம்பரம் பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்ட செய்தி)
கொரியாவை ஆண்ட தமிழ் ராணி!! உலகம் மறைத்த உண்மை!! பத்துப் பேருக்கு அனுப்புக!!

பாலா: பெரியப்பா, பத்துப் பேருக்கும் அனுப்பிவிட்டீர்களா?

சிதம்பரம் பெரியப்பா: நம் குழுவிலேயே ஆறு பேர்தான். ஏன், தவறா?

பாலா: கதை அங்கே உண்மையிலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் இர்யொன் என்ற துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’ என்ற நூலில், ‘ஆயுத்தா’ என்ற நாட்டிலிருந்து கடல் வழியாக ஓர் இளவரசி வந்து கி.பி. 48இல் கயா நாட்டு அரசன் சூரோவை மணந்ததாக எழுதியிருக்கிறது. ஹொ ஹ்வாங்-ஓக் என்று பெயர். கடல் கொந்தளிப்பை அடக்கப் படகில் கல் கொண்டுவந்தாளாம். அந்தக் கல் கோபுரம் கிம்ஹேயில் அவள் கல்லறைக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. அந்த ஆயுத்தா எது என்பதுதான் சண்டை. அயோத்தி என்பவர்கள் 2001இல் அங்கே நினைவுச் சின்னமே வைத்துவிட்டார்கள். கன்னியாகுமரிப் பக்கம் என்று நம் ஆட்கள் சொல்கிறார்கள். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுக்குப் பின் எழுதிய நூல் ஒன்றை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் அடித்துச் சொல்ல முடியாது.

சிதம்பரம் பெரியப்பா: சரி, ‘உண்மை’ என்பதை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புகிறேன்.

பாலா: நிச்சயமான தமிழர் ஒருவர் வேண்டுமானால் சொல்கிறேன். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். போரின்போது இந்தியா அனுப்பிய 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய மருத்துவர். 1950 நவம்பரில் அந்தப் பிரிவு புசானில்தான் கப்பலிலிருந்து இறங்கியது. அவருக்கு மகாவீர் சக்ரா விருது கொடுத்தார்கள். அக்கா, ஐக்கிய நாடுகள் சபையின் கல்லறைத் தோட்டம் டேயொன் ஸ்டேஷன் பக்கம் இருக்கிறது. உலகத்தில் ஐ.நா.வுக்கென்று இருக்கும் ஒரே கல்லறைத் தோட்டம். நேரம் கிடைத்தால் பாருங்கள்.

சிதம்பரம் பெரியப்பா: இதை ஏன் எவனும் எனக்கு அனுப்புவதில்லை?

ஞாயிற்றுக்கிழமை

தேன்மொழி: (புகைப்படம்) (புகைப்படம்) (புகைப்படம்)
அத்தைக்காக ஹேடொங் யொங்குங்சா. பெரும்பாலான கொரியக் கோயில்கள் மலைக்குள் ஒதுங்கியிருக்க, இது பாறைமேல், அலைக்கு நேரெதிரே. மேலிருந்து 108 படி இறங்கவேண்டும். 1376இல் நாவொங் என்ற துறவி நிறுவியது. அவருக்குக் குரு மகதத்திலிருந்து கொரியாவுக்கு வந்த தியானபத்திரர். ஜப்பானியப் படையெடுப்பில் எரிந்து, 1930களில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

கோமதி அத்தை: 108 படி! கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. உண்டியலில் போட்டாயா?

தேன்மொழி: போட்டேன் அத்தை. உங்கள் முட்டிக்காகவும் வேண்டிக்கொண்டேன். இறங்கிய அத்தனை படியையும் திரும்ப ஏறும்போது என் முட்டியை நினைத்துக்கொண்டேன்.

நிலா: அக்கா, கம்ச்சொன்! நீங்கள் கம்ச்சொன் போவதாகச் சொன்னீர்கள்! பி.டி.எஸ். பாடகர்கள் ஜிமினும் ஜங்குக்கும் பிறந்த புசானுக்குப் போய்விட்டு உண்டியலைப் பற்றிப் பேசுகிறீர்கள்!

தேன்மொழி: போனேன் தாயே. தோசொங் ஸ்டேஷனில் இறங்கிச் சிறு பஸ்ஸில் மலை ஏறினேன். இருவர் படமும் சுவரில் இருக்கிறது. அதன்முன் நின்று படம் எடுக்க நின்ற வரிசையில் என் வயதில் நான் மட்டும்தான்.

நிலா: அக்காவுக்கு என் உயிரே தருவேன்.

தேன்மொழி: உயிர் வேண்டாம், தேர்வுக்குப் படி. எனக்குச் சுவரோவியத்தை விட ஊரின் அமைப்புதான் பிடித்தது. போர்க் காலத்தில் வந்தவர்களும், தேகுக்தோ என்ற சமயத்தைச் சேர்ந்தவர்களும் 1950களில் மலைச் சரிவில் அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்ட வீடுகள். முன் வீட்டுக்காரர் பின் வீட்டின் வெளிச்சத்தை மறைக்கக் கூடாது என்று ஒழுங்கு வைத்திருந்தார்களாம். 2009இல் கலைஞர்கள் வந்து வண்ணம் பூசிய பிறகுதான் சுற்றுலாக் கூட்டம். இப்போதும் உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு பாட்டி வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். ஒரு கூட்டம் அவரைக் கேட்காமலேயே படம் எடுத்தது. எனக்குக் கோபம் வந்தது.

மல்லிகா சித்தி: அந்தப் பாட்டிக்கு நிம்மதியாக மிளகாய் காயவைக்கக் கூட முடியவில்லை. சரி, தேனு, கடைக்கு எப்போது? என் பட்டியல் நினைவிருக்கிறதா?

தேன்மொழி: முகத்துக்குப் போடும் தாள் உறை, வெயில் கிரீம், அரிசிக் கழுநீர் டானிக், நத்தைக் கிரீம்.

கோமதி அத்தை: நத்தையா? மல்லிகா, அரிசிக் கழுநீரை நம் வீட்டில் தினமும் சாக்கடையில் ஊற்றுகிறோம்.

மல்லிகா சித்தி: மதினி, அது வேறு.

பாலா: சித்தி பட்டியலை ஒரே கடையில் வாங்குங்கள் அக்கா. ஆலிவ் யங் போன்ற கடைகளில் ஒரு ரசீதுக்கு 15,000 வொன்னுக்கு மேல் போனால், பாஸ்போர்ட்டைக் காட்டியதும் வரியைக் கழித்தே பில் போடுவார்கள். நம் பணத்தில் 900 ரூபாய் சொச்சம்தான். மதிப்புக் கூட்டு வரி பத்து சதவீதம், ஆனால் கையில் வருவது அதைவிடக் கொஞ்சம் குறைவு. பாஸ்போர்ட் நகல் செல்லாது, அசலைக் கொண்டுபோங்கள்.

திங்கட்கிழமை

தேன்மொழி: செண்டம் சிட்டியில் உலகிலேயே பெரிய பல்பொருள் அங்காடி என்று 2009இல் கின்னஸில் ஏறிய ஷின்செகேயைப் பார்த்தேன். உள்ளே பனிச்சறுக்குத் தளம், வெந்நீர்க் குளியல் எல்லாம் உண்டு. ஒரு சால்வையின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். மெட்ரோ ஏறி குக்ஜே மார்க்கெட்டுக்கு வந்துவிட்டேன்.

சிதம்பரம் பெரியப்பா: நல்ல பிள்ளை.

தேன்மொழி: பெரியப்பா, இது உங்களுக்கான இடம். 1945இல் ஜப்பானியர்கள் ஊரைக் காலி செய்தபோது விற்ற வீட்டுச் சாமான்களில் ஆரம்பித்த சந்தை. பிறகு போர் அகதிகள் வந்து, கையில் கிடைத்ததையெல்லாம் விற்றிருக்கிறார்கள். ஒரு சந்து முழுக்கப் போர்வை, இன்னொன்றில் பாத்திரம், இன்னொன்றில் மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் இருப்பது தகர டப்பாச் சந்தை. அமெரிக்க ராணுவ முகாமிலிருந்து வெளியே கசிந்த டின் உணவு விற்றதால் அந்தப் பெயர். இப்போது அங்கே இரவுக் கடை களைகட்டுகிறது. சாலையைக் கடந்தால் போசு-டொங் பழைய புத்தகச் சந்து. அதுவும் போரில் வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி, பெட்டிமேல் பழைய பத்திரிகை பரப்பித் தொடங்கியதுதான். இந்த வட்டாரத்தில் எதைத் தொட்டாலும் அடியில் அந்த மூன்று வருடங்கள் வருகின்றன.

சிதம்பரம் பெரியப்பா: அப்போது புசான்தான் தலைநகர். சியோல் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. பள்ளியில் எங்கள் சரித்திர ஆசிரியர் வரைபடம் போட்டுச் சொல்வார். பேரம் பேச விடுகிறார்களா?

தேன்மொழி: பெரிய பேரம் இல்லை. இரண்டு மூன்று பொருள் எடுத்து, ரொக்கம் காட்டினால் கொஞ்சம் குறைகிறது. விலை இறங்காவிட்டாலும் கொசுறு வருகிறது. கருகாமல் வறுத்த கடல்பாசித் தாள் பத்துக் கட்டு வாங்கியதற்கு ஒரு கட்டு தானாகவே பைக்குள் விழுந்தது.

கோமதி அத்தை: பாத்திரம் எப்படி?

தேன்மொழி: (புகைப்படம்)
எவர்சில்வர் சோற்றுக் கிண்ணம், மூடியோடு. கனமான தகடு.

கோமதி அத்தை: ஆறு எடு. மூடி சரியாக உட்காருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார். விளிம்பைத் தடவிப் பார், கையைக் கிழிக்கக் கூடாது. அந்தக் கறுப்பு மண்சட்டி என்ன விலை?

தேன்மொழி: அத்தை, மண்சட்டி வேண்டாம். 23 கிலோதான் அனுமதி.

கோமதி அத்தை: ஒன்றே ஒன்று. சின்னது.

சிதம்பரம் பெரியப்பா: கண்ணாடிச் சந்து என்றாயே. இங்கே எழுதிக் கொடுத்த என் பவர் சீட்டு இருக்கிறது. தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஒரே கண்ணாடி.

பாலா: முடியாது பெரியப்பா. அந்த வகைக்கு உங்கள் கண்மணி இடைவெளியை நேரில் அளக்கவேண்டும். செய்துவரச் சில நாள் ஆகும். ஒரே பவர் கண்ணாடி என்றால்தான் கையோடு கிடைக்கும்.

தேன்மொழி: எனக்கு ஒன்று செய்துகொண்டேன். பரிசோதனைக்குத் தனிப் பணம் கேட்கவில்லை. பிரேம் தேர்ந்தெடுத்து, எதிர்க் கடையில் ஒரு காபி குடித்துத் திரும்புவதற்குள் கண்ணாடி தயார். சென்னையில் கொடுத்ததில் பாதி விலை.

சிதம்பரம் பெரியப்பா: அப்படியானால் நான் நேரில் வந்துதான் செய்துகொள்ளவேண்டும்.

மல்லிகா சித்தி: அத்தான், முதலில் விசா வாங்குங்கள்.

தேன்மொழி: பெரியப்பா, மதியம் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கும் போய்வந்தேன். நுழைவுக் கட்டணம் இல்லை. சுமார் 2,300 பேர் அடக்கம், துருக்கியரும் ஆங்கிலேயரும் நிறைய. வரிசையாக நிற்கும் கொடிகளில் நம் கொடியும் இருக்கிறது. காவலர் ‘இந்தியாவா?’ என்று கேட்டு, தலைகுனிந்து வணங்கினார். உங்கள் ரங்கராஜ் கணக்கில் அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டேன்.

சிதம்பரம் பெரியப்பா: அந்தக் கொடிப் படத்தை எனக்குத் தனியாக அனுப்பு. இதைத்தான் இனி பத்துப் பேருக்கு அனுப்பப்போகிறேன்.

பாலா: அக்கா, மூட்டை கட்டும்போது கொச்சுஜாங் மிளகாய் விழுது, கிம்ச்சி இரண்டும் பெரிய பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் பிடுங்கிவிடுவார்கள். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, கைப்பையில்தான் இருக்கவேண்டும். வரி கழிக்காத ரசீதுகளைத் தனி உறையில் போட்டு விமான நிலையத்தில் காட்டுங்கள்.

தேன்மொழி: கட்டி முடித்துவிட்டேன். விடுதித் தராசில் 22.8 காட்டுகிறது. கிண்ணம் ஆறு, சட்டி ஒன்று, நத்தை நான்கு. இவருடைய கோட்டு சூட்டு எல்லாம் அவர் கைப்பையில் மடங்கிவிட்டது. இனி யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

மல்லிகா சித்தி: தேனு, டைசோவில் ஒரு காய்கறி டப்பா, 5,000 வொன், ஈரம் வடிகிற மாதிரி... பக்கத்து வீட்டில் பார்த்தேன்...

தேன்மொழி: ஐயோ சித்தி, இங்கே மணி ஒன்பது ஆகிவிட்டது. கடை மூடியிருப்பார்கள்.

பாலா: டைசோ பெரும்பாலும் பத்து மணி வரை திறந்திருக்கும் அக்கா.

தேன்மொழி: பாலா, நீ இந்தக் குழுவை விட்டு வெளியேறு.