மறுமொழி: மர மோதிரம் உடையும் இடத்துக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். மரத்தில் நார் குறுக்கே வெட்டுண்டு எளிதில் உடையும் பகுதியை ஆங்கிலத்தில் 'ஷார்ட் கிரெய்ன்' (short grain) என்கிறார்கள். நம் சொல்லடைவுக்காக அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில், நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில்.

> 'ஷார்ட் கிரெய்ன்' = குறுநார். இதை எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே, இதில் பேச என்ன இருக்கிறது?

போயிருக்கலாம் ஐயா. ஆனால் நேற்று மாலை கடைசல் பிடிக்கும்போது இன்னொரு மோதிரம் கையோடு வந்துவிட்டது. உடைந்த இரண்டு துண்டுகளையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குறுநார் என்ற சொல் இங்கே நடந்ததைச் சொல்லவில்லை என்று தோன்றியது. அதனால் இந்த நீண்ட மடல்.

பலகைத் துண்டு ஒன்றிலிருந்து மோதிரம் கடைகிறோம். உள்விட்டம் 18 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அதாவது சுவர் 2 மி.மீ. மோதிரத்தைக் கடிகார முகம்போலப் படுக்கவைத்து, நார் 9 மணியிலிருந்து 3 மணியை நோக்கி ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 மணியிலும் 6 மணியிலும் நார் வளையத்தின் போக்கிலேயே போகிறது. அங்கே உள்விளிம்பை உரசிச் செல்லும் நாரை அளந்தால் ஏறத்தாழ 12.6 மி.மீ. வரும். 3 மணிக்கும் 9 மணிக்கும் வாருங்கள். நார் சுவரைக் குறுக்கே கடந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. நீளம் வெறும் 2 மி.மீ. இந்தத் துண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் பிடித்துவைத்திருப்பது மரத்துக்குள் இருக்கும் இயற்கைப் பசை மட்டுமே. நார்ப்போக்கில் இழுத்தால் மரம் தாங்கும் விசையில், குறுக்கே இழுத்தால் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது.

வெறுப்பேற்றுவது எது தெரியுமா? உளி படுவதற்கு முன்பே உடைவதுதான். துளையை முதலில் போட்டு, விரியும் மாண்ட்ரலில் (துளைக்குள் நுழைந்து, திருகினால் விரிந்து பிடிக்கும் தண்டு) மோதிரத்தை மாட்டி, திருகை முறுக்குகிறோம். மாண்ட்ரல் உள்ளிருந்து எல்லாப் பக்கமும் தள்ளும். 12 மணிப் பக்கம் அசைந்துகொடுக்காது. 3 மணிப் பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். சரி, இறுக்காமல் விட்டால்? உளி தொட்டதும் மோதிரம் நழுவிச் சுற்றும், உட்சுவர் தேய்ந்து பளபளத்துத் துளை பெரிதாகும். என்னுடைய முதல் ஏழில் நான்கு முறுக்கும்போதே போயின. கடினமான மரமாக இருந்தால் தப்பிக்கும் என்று கருங்காலிக்குப் போனேன். அது இன்னும் சுத்தமாக உடைந்தது.

இதில் மரத்தின் குற்றம் எதுவும் இல்லை. நார் நீளமாகத்தான் வளர்ந்தது. வளையம் என்ற வடிவம்தான் அதை 2 மி.மீ.க்கு வெட்டியது. குறுநார் என்று எழுதினால், படிப்பவர் இந்த மரத்துக்கே நார் குட்டை என்று நினைப்பார். அந்தப் பொருளில் அந்தச் சொல் வேறு துறைக்கு வேண்டும். காகிதக் கூழ் பற்றி எழுதுபவர்கள் ஊசியிலை மரங்களின் நார் சுமார் 3 மி.மீ., அகன்ற இலை மரங்களின் நார் சுமார் 1 மி.மீ. என்று பிரிப்பார்கள். குறுநார் அவர்களுடைய சொத்து. (அப்படியென்றால் 12.6 மி.மீ. நார் எங்கிருந்து வந்தது என்று தாவரவியலார் சண்டைக்கு வருவார்கள். நான் அளந்தது நார்க்கற்றையின் ஓட்டத்தை. அதனால் 'நார்' என்ற பாதியிலும் கொஞ்சம் சமரசம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.)

> 'கிரெய்ன்' என்பதற்கு ரேகை என்றே தச்சர்கள் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், நல்ல சொல். ஆனால் ரேகை கண்ணுக்குத் தெரிவது, உடைவது நார். ரேகை அலையலையாக, பார்க்க அழகாக இருக்கும் பலகையில்தான் நார் கோணலாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த அழகை நம்பித்தான் ஈட்டி மரத்தில் ஒன்றைத் தொலைத்தேன். இழை என்ற சொல்லைத் தொடவே பயமாக இருக்கிறது. இழைப்புளி, இழைத்தல் என்று தச்சில் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. நாம் மடலாடும் இதற்கும் இழை என்றுதான் பெயர்!

> 'காழ்' பழைய சொல், அதை மீட்கலாம்.

ஆசைதான். தொல்காப்பியம் அகக்காழ் உள்ளதை மரம் என்றும் புறக்காழ் உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறது. ஆனால் காழ் சொல்வது வைரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி, எங்கே இருக்கிறது என்பதை. நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது அதில் வராது.

'நலிவிடம்' என்று வந்த பரிந்துரையும் எனக்கு ஒட்டவில்லை. கணு இருந்தாலும் நலிவிடம், பூச்சி அரித்தாலும் நலிவிடம். விளைவுக்குப் பெயர் வைத்தால் காரணம் மறைந்துபோகும்.

நான் யோசித்த முதல் இரண்டு சொற்களும் தேறவில்லை. 'அறுநார்' என்றால் அறுபட்ட நார் என்று நினைத்தேன். அறுமுகம், அறுசுவை பழகியவர்கள் ஆறு நாரை எண்ணத் தொடங்குவார்கள். 'தறிநார்', மரம் தறிப்பதிலிருந்து எடுத்தது. வீட்டில் சொல்லிப் பார்த்தேன், நெசவா என்று கேட்டார்கள்.

அப்புறம் வந்ததுதான் நறுக்குநார். நறுக்கு என்பது வினையாகவும் நிற்கும், ஓலை நறுக்கு என்பதுபோல வெட்டுண்ட சிறு துண்டாகவும் நிற்கும். நார் குட்டை என்று சொல்லாமல், நறுக்கப்பட்டது என்கிறது. எதிர்ச்சொல்லாக 'ஓடுநார்' வைக்கலாம், வளையத்தின் போக்கில் ஓடுவது. வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்:

"மாண்ட்ரலை முறுக்கும்போது மோதிரம் நறுக்குநாரில் விண்டது."

"மணல்தாள் போடும்போது நறுக்குநார்ப் பக்கத்தை விரலால் கிள்ளிப் பிடிக்காதே."

> மோதிரத்துக்கு மட்டும் ஒரு சொல்லா?

இல்லை. மரச் சீப்பின் பற்களை நார்ப்போக்கிலேயே அறுப்பது ஏன்? குறுக்கே அறுத்தால் ஒவ்வொரு பல்லும் நறுக்குநார் ஆகிவிடும். பலகையிலிருந்து வளைவாக அறுத்த கைப்பிடி உடைவதும் இதனால்தான். கிலுகிலுப்பையில் கழன்றுவராமல் சுழலும்படி கடையும் வளையம் இன்னும் மோசம். அங்கே நார் அச்சோடு இணையாக ஓடுவதால், 3 மணி, 9 மணி என்ற கணக்கே இல்லை. முழு வளையமும் நறுக்குநார்.

தீர்வுகளைச் சொல்லும்போதும் இந்த இணை உதவுகிறது. இரண்டு மெல்லிய வில்லைகளை நார் குறுக்காக வரும்படி ஒட்டிக் கடைந்தால், ஒன்றின் நறுக்குநார் மேல் மற்றதன் ஓடுநார் உட்காருகிறது. ஒட்டுப்பலகையின் வேலையும் இதுதான். இன்னொரு வழி கடைசலையே பின்னுக்குத் தள்ளுவது: 0.6 மி.மீ. வெனீர் (மெல்லிய மரத் தகடு) பட்டையை, நார் அதன் நீளவாக்கில் ஓடும்படி எடுத்து, ஊறவைத்து, ஒரு குழாயில் வளைத்துக் காயவிட்டு, பசையோடு நான்கு சுற்று சுற்றினால் 2.4 மி.மீ. சுவர் கிடைக்கும். சுமார் 26 செ.மீ. நீளப் பட்டை போதும். அதில் நறுக்குநாரே கிடையாது, முழுவதும் ஓடுநார். லேத்தில் பிடிப்பவனுக்கு இது கொஞ்சம் தோல்விபோலத்தான் இருக்கும், ஆனால் மோதிரம் விரலில் நிற்கிறது.

சொல்லடைவுக்கு என் வரைவு:

நறுக்குநார் (பெ.): பொருளின் வடிவத்தால் நார் ஓட்டம் குறுக்கே வெட்டுண்டு, எளிதில் பிளக்கக்கூடிய பகுதி. எதிர்: ஓடுநார்.

ஒரே ஒரு வேண்டுகோள். சேர்த்தே எழுதுங்கள். இடைவெளி விட்டு 'நறுக்கு நார்' என்று எழுதினால், யாரோ யாருக்கோ ஆணையிடுவதுபோல இருக்கிறது.