கூட்டு வலைப்பூவை விட்டுத் தனி வலைப்பூவுக்குத் திரும்பும்போது: எதை முதலில் செய்வது, எங்கே சறுக்கும்

பலர் சேர்ந்து எழுதும் வலைப்பூவிலிருந்து விலகும்போது முதலில் அறிவிப்பு, பிறகு மூட்டை கட்டுவது என்று பலரும் போகிறார்கள். அது தலைகீழ் வரிசை. மனக்கசப்பு எதுவும் இல்லாத குழுவில்கூட "விலகுகிறேன்" என்ற மடல் போன அன்றே யாராவது நல்லெண்ணத்தோடு உங்கள் கணக்கை நீக்கிவிடுவார். வலைப்பூ நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு பயனரை நீக்கும்போது அட்மினிடம், அதாவது தளத்தை நிர்வகிப்பவரிடம், ஒரு கேள்வி வரும்: இவர் எழுதியதையெல்லாம் நீக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா? நீக்கு என்றால் இடுகைகள் குப்பைத்தொட்டிக்குப் போகும், வழக்கமான அமைப்பில் 30 நாள் கழித்து அங்கிருந்தும் அழியும். மாற்று என்றால் எழுத்து தங்கும், எழுதியவர் பெயர் போய்விடும். இரண்டுமே வேண்டாம். கணக்கை நீக்காமல் 'சப்ஸ்கிரைபர்' நிலைக்கு இறக்கச் சொல்லுங்கள். பழைய இடுகைகளில் உங்கள் பெயர் அப்படியே நிற்கும், உங்களால் உள்ளே எதையும் திருத்தவும் முடியாது. இரு தரப்புக்கும் நிம்மதி.

அதற்கு முன்பு எக்ஸ்போர்ட், அதாவது பதிவுகளைக் கோப்பாக வெளியே எடுப்பது. வேர்ட்பிரஸில் அதை அட்மின்தான் எடுக்க முடியும். 'டூல்ஸ்' பகுதியில் 'எக்ஸ்போர்ட்' போய், 'போஸ்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுதியவர் பெயரை வைத்துப் பிரித்தெடுக்கும் வசதி கீழே விரியும். இதைத் தெளிவாக எழுதிக் கேளுங்கள். "என் பதிவுகளை அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னால் குழுவின் மொத்தச் சரக்கும் ஒரே கோப்பாக வந்து சேரும், அதை இறக்கினால் மற்றவர்கள் எழுதியதும் உங்கள் வலைப்பூவில் வந்து உட்காரும்.

வருவது எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் படங்கள் இருக்காது, படங்கள் இருக்கும் முகவரிதான் இருக்கும். புதிய இடத்தில் அந்தக் கோப்பை உள்ளே ஏற்றும்போது (இம்போர்ட்) இணைப்புக் கோப்புகளையும் இறக்கிக்கொள்ளச் சொல்லும் பெட்டியில் டிக் போட வேண்டும். பழைய தளம் உயிரோடு இருக்கும்வரைதான் இது நடக்கும். குழு கலைந்து தளத்தை மூடிவிட்டால் எழுத்து மட்டும் கிடைக்கும், படம் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம். டிக் போட்டு இறக்கினாலும் சில படங்கள் பழைய தளத்திலிருந்தே வந்துகொண்டிருக்கும். நாலைந்து இடுகைகளைத் திறந்து, படத்தின் மேல் வலது சொடுக்கு சொடுக்கி முகவரியைப் பாருங்கள்.

* * *

கூகுளின் வலைப்பூ சேவையான பிளாகர் பயன்படுத்துவோருக்குச் சில வார்த்தைகள். அங்கே பேக்கப் என்பது வலைப்பூ முழுவதற்கும் சேர்த்துத்தான். இடுகை எழுத மட்டும் அனுமதி உள்ள ஆத்தர் நிலையில் இருப்பவரால் அதை எடுக்க முடியாது. 30 இடுகைக்குள் என்றால் அட்மினைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஒவ்வொன்றையும் திறந்து எச்டிஎம்எல் பார்வைக்கு மாற்றி, அந்த நிரலை நகலெடுத்து ஒரு டெக்ஸ்ட் கோப்பில் போட்டுவையுங்கள். சாதாரணப் பார்வையிலிருந்து நகலெடுத்தால் எழுத்துரு, நிறம், வரி இடைவெளி எல்லாம் குப்பையாக ஒட்டிக்கொண்டு வரும். கோப்பின் தலையில் வெளியான தேதி, பழைய சுட்டி (இடுகையின் இணைய முகவரி), குறிச்சொற்கள் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

தேதி சின்ன விஷயம் இல்லை. கையால் ஏற்றும்போது பழைய தேதியைப் போட மறந்தால் எல்லாமே இன்றைய பதிவாக ஓடையில் (சந்தாதாரர்களுக்குப் புதிய பதிவுகளைக் கொண்டுபோகும் ஆர்எஸ்எஸ்) போய் நிற்கும். ஓடை வழியாகப் படிப்பவருக்கு ஒரே நாளில் 30 'புதிய' பதிவுகள். அவர் முதல் வேலையாகச் சந்தாவை எடுத்துவிடுவார்.

* * *

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து சுட்டியை உருவாக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஒன்பது எழுத்துகளாக மாற்றி வைக்கிறது. யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் (கணினி சேமிக்கும் சிறு அலகு), ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு (%) மூன்று எழுத்து. சுட்டிக்கு அது ஒதுக்கும் இடமோ 200 எழுத்து. வகுத்துப் பாருங்கள், 22 குறிதான் தேறும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகவே எண்ணப்படும். 'தொ' என்பது இரண்டு, 'ட்' என்பதும் இரண்டு.

தொடர் எழுதியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். "கூட்டாக எழுதுவதில் வரும் சிக்கல்கள் பகுதி 1", "பகுதி 2" என்று தலைப்பு இருந்தால், பகுதி என்ற சொல் வருவதற்கு முன்பே சுட்டி அறுந்துவிடும். எல்லாப் பகுதிக்கும் ஒரே சுட்டி, வேறுபாட்டுக்குக் கடைசியில் 2, 3 என்று தளம் தானாகப் போட்ட எண். அந்த எண் ஏற்றிய வரிசையைப் பொறுத்தது, உங்கள் பகுதி எண்ணைப் பொறுத்ததில்லை. கையால் ஏற்றும்போது நாலாம் பகுதியை முதலில் போட்டால் எண்ணில்லாத சுட்டி அதற்குப் போய்விடும், உள்ளே கொடுத்த "முந்தைய பகுதி" சுட்டிகள் எல்லாம் இடம் மாறி நிற்கும். எக்ஸ்எம்எல் வழியாக வந்தால் பழைய சுட்டி அப்படியே வரும் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

பிளாகர் வேறு விதம். தமிழ் எழுத்தை அது சுட்டியில் சேர்ப்பதே இல்லை. தலைப்பு முழுக்கத் தமிழ் என்றால் 'பிளாக் போஸ்ட்' என்ற சொல்லும் ஓர் எண்ணும்தான் கிடைக்கும். பழைய சுட்டியை வைத்து எது எந்த இடுகை என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே விலகும் முன்பே மூன்று பத்தி உள்ள ஒரு விரிதாள் போடுங்கள்: தலைப்பு, பழைய சுட்டி, புதிய சுட்டி. புதிய இடத்தில் சுட்டியை நீங்களே ஆங்கில எழுத்தில் நாலைந்து சொல்லுக்குள் எழுதிக்கொள்ளுங்கள்.

* * *

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எல்லாவற்றையும் எடுத்துப் போக வேண்டுமா? என் கருத்து, வேண்டாம். 80 இடுகை எழுதியிருந்தால் நகல் 80க்கும் வைத்துக்கொள்ளுங்கள், மீள்பதிவு செய்வது 15 போதும். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் தேடுபொறி ஒன்றைத்தான் முன்னால் காட்டும். அது பெரும்பாலும் பழைய, நிறைய சுட்டிகள் வாங்கிய குழுத் தளமாகவே இருக்கும்.

வழிகள் மூன்று. குழு சம்மதித்தால் பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பம் போடச் சொல்லலாம், அது குறைந்தது ஓர் ஆண்டு இருக்க வேண்டும். பிளாகரில் இது ஆகாது, அதன் திருப்பம் அதே வலைப்பூவுக்குள் மட்டுமே வேலை செய்யும். இரண்டாவது, பழையது இருக்கட்டும் என்று விட்டு, உங்கள் பக்கத்தின் தலைப்பகுதியில் 'கெனானிக்கல்' குறி போட்டு மூலம் அங்கே என்று காட்டுவது. வேறு டொமைனை (தளத்தின் பெயர் முகவரி) காட்டும் கெனானிக்கலை கூகுள் 2009லிருந்து ஏற்கிறது, ஆனாலும் அது ஒரு குறிப்பாகவே கொள்ளப்படும், கட்டளையாக இல்லை. மூன்றாவதுதான் சண்டையில்லாத வழி: பழைய இடத்தில் முதல் பத்தியும் பின்னூட்டங்களும் இருக்கும், "தொடர்ச்சி இங்கே" என்று ஒரு சுட்டி.

பழையதை அப்படியே அழிக்கச் சொல்லாதீர்கள். குழுவில் மற்றவர்கள் எழுதியது உங்கள் இடுகைக்குச் சுட்டி கொடுத்திருக்கும், நீங்கள் அழித்தால் அவர்கள் கட்டுரையில் ஓட்டை விழும்.

* * *

எழுத்தின் உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லாத நட்புக் குழுக்களில், தனியாக எழுதிய இடுகை எழுதியவருடையது என்பதுதான் பொதுவான நிலை. இருவர் சேர்ந்து, எந்த வரி யாருடையது என்று பிரிக்க முடியாதபடி எழுதியதை ஒருவர் மட்டும் தூக்கிப் போகக்கூடாது. அந்தத் தலைப்பில் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் புதிதாக எழுதுங்கள், பழையதற்குச் சுட்டி கொடுங்கள். குழுத் தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டியே தரும் பொது அனுமதி) வெளியிட்டிருந்தால் அதைப் பின்னால் திரும்பப் பெற முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

பின்னூட்டங்கள் எக்ஸ்எம்எல் கோப்போடு வரும். எழுதியவர்களின் மின்னஞ்சலும் ஐபி முகவரியும் அதற்குள் இருக்கும். கோப்பைப் பகிர்ந்த கோப்புறையில் போட்டு வைக்காதீர்கள். மடல் சந்தாதாரர் பட்டியலைத் தொடவே வேண்டாம். அவர்கள் சம்மதம் கொடுத்தது குழுவுக்கு. குழுவின் மடலில் ஒரே ஒரு முறை, "இனி இவர் இங்கே எழுதுகிறார்" என்று சுட்டியோடு போடச் சொல்லிக் கேட்கலாம். விரும்பியவர் வருவார்கள்.

இன்னொன்று, கூகுள் டாக்ஸ் வரைவுகள். குழுக் கோப்புறையில் இருப்பதற்கு நகல் எடுத்தால் திருத்த வரலாறு வராது, கருத்துகளும் அதற்கான பெட்டியில் டிக் போட்டால்தான் வரும். பாதியில் நிற்கும் கட்டுரைக்கு அந்தக் கருத்துகள் தங்கம்.

டொமைன் உங்கள் பெயரில் பதிந்திருந்தால் விலகும் முன் மாற்றிக் கொடுங்கள். உரிமையாளர் பெயரை மாற்றியபின் வேறு பதிவு நிறுவனத்துக்கு நகர்த்த 60 நாள் தடை விழலாம். ஆகவே புதுப்பிக்கும் தேதிக்குச் சற்று முன்னால் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது.

* * *

நுட்ப வேலையெல்லாம் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். எழுத்துதான் நாளெடுக்கும்.

குழுவில் வந்த ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம்: "போன வாரம் நாம் பார்த்த மூன்று வழிகளில் கடைசி வழி சரிப்படாது என்று நண்பர் எழுதியிருந்தார். ஆகவே நேரே அடுத்ததற்குப் போவோம்." தனி வலைப்பூவில் இதை வைத்தால் நாலு இடத்தில் உடையும். எந்த வாரம், யார் இந்த 'நாம்', எந்த மூன்று வழிகள், எந்த நண்பர்? ஒரு சொல்லை மாற்றித் தப்பிக்க முடியாது. அந்த மூன்று வழிகளையும் உங்கள் சொல்லில் இரண்டு வரியில் சொல்லி, கடைசி வழி ஏன் சரிப்படாது என்ற காரணத்தையும் கொடுத்து, அந்தப் பதிவுக்குச் சுட்டி போட வேண்டும். மீள்பதிவு செய்யும் ஒவ்வொன்றிலும் 'நாம்', 'முந்தைய பதிவில்', 'நண்பர்' என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள்.

அடுத்தது பிழைதிருத்தம். குழுவில் இன்னொரு கண் இருந்தது, இங்கே இல்லை. எழுதி ஒரு நாள் கழித்து, கைபேசியில் வாசிக்க விட்டுக் கேளுங்கள். விட்டுப்போன சொல், இரண்டு முறை வந்த சொல், மூச்சு முட்டும் வாக்கியம் எல்லாம் காதில் இடறும். ஆனால் பணி, பனி இரண்டும் காதுக்கு ஒன்றுதான். அரை, அறை அப்படியே. இரண்டும் சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தியும் விட்டுவிடும். ணகர னகரம், ரகர றகரம் இவற்றுக்குக் கண்ணால் தனியாக ஒரு வாசிப்பு வேண்டும். ஒற்றுக்கு, 'இந்த', 'அந்த', 'எந்த' என்று தேடினாலே பாதி அகப்படும். பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

* * *

வேகம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஐந்து பேர் குழுவில் ஆளுக்கு மாதம் இரண்டு எழுதினால் தளத்தில் பத்து வரும். தனியாக வந்தவர் அந்தப் பத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓடி, இரண்டாம் மாதமே வற்றிவிடுவது வாடிக்கை. உங்கள் வேகம் அன்றும் இரண்டுதான். நாலு கட்டுரை முழுதாக முடித்து வரைவில் வைத்துவிட்டு அதன்பின் முதல் பதிவை வெளியிடுங்கள். கையிருப்பு இரண்டுக்குக் கீழே இறங்கினால் அந்த வாரம் வெளியிடாமல் எழுதுங்கள். முதல் பதிவாக "ஏன் விலகினேன்" என்று எழுதாதீர்கள். புதிதாக வருபவருக்கு அது புரியாது, பழைய நண்பர்களுக்கு வலிக்கும், பல மாதம் கழித்தும் உங்கள் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது அதுவாக இருக்கலாம். குழுவில் எழுத இடமில்லாமல் நின்றுபோன கட்டுரை ஏதாவது கட்டாயம் இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.