'செயலற்ற கருணைக்கொலை'க்கு மாற்றுச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

> 'பாசிவ் யூதனேசியா'வுக்கு (உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தியோ தொடங்காமலோ நோயாளியை இறக்க விடுவது) நாளிதழ்களில் 'செயலற்ற கருணைக்கொலை' என்றே வருகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. இஸ்லாமியச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் விஷயத்தையே புரட்டிவிடும். ஊசி போட்டு உயிரை முடிப்பது, நோயாளியே கேட்டாலும், ஹராம், அதாவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. காய வலி தாங்காமல் கையை அறுத்துக்கொண்டு இறந்தவருக்குச் சொர்க்கம் தடுக்கப்பட்டதாகப் புகாரி தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) உண்டு. ஊசி போட்டு முடிப்பதைக் கருணைக்கொலை என்பது சரி. அரபியிலும் அது கத்லுர் ரஹ்மா, அதாவது கருணைக்கொலைதான்.

பலன் தராத சிகிச்சையை விடுவது வேறு. வலிப்பு நோயோடு வந்த ஒரு பெண்ணிடம், பொறுத்துக்கொண்டால் சொர்க்கம், வேண்டுமானால் குணமாக துஆ (பிரார்த்தனை) செய்கிறேன் என்றார்கள் நபிகள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். எல்லா நிலையிலும் சிகிச்சை கட்டாயமில்லை என்பதற்கு ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) இதைக் காட்டுவார்கள். 1980களின் இறுதியில் வந்த சவூதி ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) 12086, தேர்ந்த மருத்துவர்கள் மூவர் இனி மீள வழியில்லை என்று முடிவு செய்தால், நின்ற இதயத்தை மறுபடி இயக்க முயல வேண்டியதில்லை என்றது. இதற்கும் 'கொலை' என்று பெயர் வைத்தால், ஐசியூ வாசலில் நிற்கிற மகன் எந்த மனதோடு கையெழுத்துப் போடுவான்?

'சிகிச்சை கைவிடல்' நோயாளியையே கைவிட்டதுபோல் ஒலிக்கிறது. 'பயனில் சிகிச்சை' அழகுதான், ஆனால் 'பயனில்' என்பதை வேற்றுமை உருபாகப் படித்துவிடுவார்கள். அதனால் என் முன்மொழிவு: பயனிலாச் சிகிச்சை நிறுத்தம். தொடங்காமலே விடுவதற்கு, பயனிலாச் சிகிச்சை தவிர்ப்பு.

மூளைச்சாவை இதில் சேர்க்க வேண்டாம். 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டவியல்) அகாதமி, மூளை முழுதும் மீளாமல் செயலிழந்தால் அதுவே மரணம் என்றது. மறு ஆண்டு மக்காவில் கூடிய வேறொரு ஃபிக்ஹ் சபையோ, செயற்கைச் சுவாசக் கருவியை எடுக்கலாம், ஆனால் அப்புறம் மூச்சும் இதயமும் நின்ற பிறகே மரணம் என்று தீர்ப்பளித்தது. மனைவியின் இத்தாவும் (கணவன் இறந்தபின் காத்திருக்கும் காலம்) வாரிசுரிமையும் எந்த நேரத்திலிருந்து தொடங்கும் என்பது இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே 'கருவி அகற்றல்' என்று நம் சொற்பட்டியலில் தனிப்பதிவு வேண்டும்.

இன்னொன்று பாக்கி. உணவையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது என்பது பல ஆலிம்களின் நிலை. மூக்குக் குழாய் வழியே போகும் கஞ்சியை உணவு என்பதா, சிகிச்சை என்பதா? குழுவில் இருக்கும் மருத்துவர்களும் ஆலிம்களும் சொன்னால், விளக்கக் குறிப்பை முடித்துவிடலாம்.