தினமும் போட லேசான ஆரஞ்சுப் பூ வாசம்: கீழக்கரை வெயிலுக்கு எது சரி?

உப்புக்காத்து:
கீழக்கரையில் கடை வேலை. காலையிலிருந்து இரவு வரை வேர்வை, உப்புக் காற்று. ஊத் (அகில்), கஸ்தூரி எல்லாம் பகலில் கனமாக இருக்கிறது. ஆரஞ்சுப் பூ வாசம் வேண்டும், ஆல்கஹால் இல்லாமல், பத்து மில்லி ரோல்-ஆனில். நெரோலி, ஆரஞ்சு ப்ளாசம், பெட்டிட்கிரெய்ன் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றா? உடுத்துவது வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி.

தாழம்புதர்:
மூன்றும் கசப்பு ஆரஞ்சு மரத்தில் வருவதுதான், ஆனால் வேறு வேறு சரக்கு. பூவை நீராவியில் வடித்தால் நெரோலி: லேசு, பச்சை, கொஞ்சம் தேன். அதே பூவைக் கரைப்பானில் இழுத்தால் ஆரஞ்சு ப்ளாசம் அப்சல்யூட்: அடர் நிறம், மல்லிகை மாதிரி கனம். இலையையும் குச்சியையும் வடித்தால் பெட்டிட்கிரெய்ன்: பூ குறைவு, இலைக் கசப்பு அதிகம், விலையும் குறைவு. உங்களுக்கு வேண்டியது நெரோலி.

ஒரு கிலோ நெரோலிக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோ பூ வேண்டும். துனிசியாவின் நபூலும் மொராக்கோவும்தான் பெயர் பெற்ற இடங்கள். அதனால் நூறு, இருநூறு ரூபாய்க்கு 'சுத்தமான நெரோலி' என்றால் அது கலவை. கலவை கெட்டது இல்லை, தினசரிக்குப் போதும். சுத்தம் என்ற பெயரில் விற்பதுதான் தப்பு.

பாம்பன்கரை:
10 மில்லி ரோல்-ஆனுக்கு அளவு: நெரோலி 6 சொட்டு, பெட்டிட்கிரெய்ன் 2, சந்தன எண்ணெய் 2. மீதி வாசமில்லாத ஜொஜோபா எண்ணெய். 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி என்பதால் இது 5 சதவீதம் வரும். ஆனால் டிராப்பருக்கு டிராப்பர் சொட்டு மாறும், மூன்றுக்கும் ஒரே மாதிரி டிராப்பர் வையுங்கள்.

முதலில் சந்தனம், பிறகு பெட்டிட்கிரெய்ன், கடைசியில் நெரோலி. உருட்டிக் கலந்து பத்து நாள் இருட்டில் வைத்த பிறகு முகர்ந்து பாருங்கள். கலந்த அன்றைக்கு மூன்றும் தனித்தனியாகத்தான் நிற்கும், அதைப் பார்த்துவிட்டு மேலும் ஊற்றித்தான் பலர் கெடுக்கிறார்கள். சந்தனம் மூன்றாவது சொட்டுக்குப் போனால் பூ அமுங்கிவிடும்.

ஜொஜோபா கிடைக்காவிட்டால் உறையாத தேங்காய் எண்ணெய், கடையில் எம்.சி.டி ஆயில் என்பார்கள். சமையல் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் மணமே நெரோலியை மூடிவிடும்.

ஆரஞ்சுத் தோல் எண்ணெயை மட்டும் சேர்க்காதீர்கள். பிழிந்தெடுத்த கசப்பு ஆரஞ்சுத் தோல் எண்ணெயைப் பூசி வெயிலில் நின்றால் தோல் கருத்துக் கொப்பளிக்கலாம். பூ எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை.

தாழம்புதர்:
வெள்ளைத் துணிக்கு ஒரு எச்சரிக்கை. ஆரஞ்சுப் பூக் கலவைகளில் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற வாசப் பொருள் இருக்கும். அது கூட இருக்கும் ஆல்டிஹைடு வகை வாசப் பொருள்களோடு சேர்ந்து அடர் மஞ்சளாக மாறும். சட்டைக் காலரில் பட்டால் சோப்புக்குப் போகாது. வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு சொட்டு விட்டு இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் ஏறினால் தோலுக்கு மட்டும்: முழங்கை மடிப்பு, பனியனுக்குள் நெஞ்சு. முன்னதாக முன்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விடுங்கள், சிவந்தால் வேண்டாம்.

உப்புக்காத்து:
நன்றி காக்கா. எவ்வளவு நேரம் நிற்கும்? மதியம் திரும்பப் போடலாமா?

பாம்பன்கரை:
நெரோலி முதலில் பறக்கிற வாசம். கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் இரண்டு மூன்று மணி நேரம் நின்றாலே நல்லது, அதற்குப் பிறகு சந்தனம்தான் மிஞ்சும். வறண்ட தோலில் இன்னும் சீக்கிரம் போகும், குளித்துத் துடைத்ததும் வாசமில்லாத கிரீம் கொஞ்சம் தடவி அதன் மேல் போடுங்கள். லுஹர் (மதியத் தொழுகை) முன் வேர்வையைத் துடைத்துவிட்டு ஒரு கோடு இழுத்தால் மாலை வரை போதும். வேர்வை மேலேயே இழுத்தால் புளிப்பாக வரும்.

வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள். சூட்டிலும் காற்றிலும் இதிலுள்ள லினலூல் என்ற வாசப் பொருள் ஆக்சிஜன் ஏறிக் கெடும், அந்தப் பழைய எண்ணெய்தான் தோலில் அரிப்பைக் கிளப்புவது. பெரிய பாட்டிலில் பாதி காலியாக வைப்பதை விட 10 மில்லியாகக் கலந்து தீர்ப்பது மேல்.

இன்னும் லேசாக வேண்டுமென்றால் அரபுச் சாமான் விற்கும் கடையில் மா ஸஹ்ர் கேளுங்கள், ஆரஞ்சுப் பூத் தண்ணீர். பன்னீர் பாட்டிலோடு மாற்றி எடுத்துவிடாதீர்கள். திறந்ததும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கலங்கினாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.