புதுப்பிப்பு: அப்பாவின் கிரியேட்டினின் 1.9

கோத்தகிரியில் இருக்கும் 72 வயது அப்பாவுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.9 என்று அதிகமாக இருக்கிறது, வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தேன். உடனே டாக்டரிடம் காட்டச் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 37. நாள்பட்ட சிறுநீரக நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலையின் பின்பாதி. டயாலிசிஸ் பேச்சே இப்போது இல்லை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கொஞ்சம் போகிறது.

பெரிய சண்டை மூட்டுவலி மாத்திரைக்குத்தான். ஏற்றமும் இறக்கமுமான ஊர்; மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்று டாக்டர் படம் வரைந்து காட்டிய பிறகுதான் நிறுத்தினார். (பெற்ற பிள்ளை சொன்னால் ஏறாது!) இப்போது வலி தாங்காவிட்டால் பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில்.

ஒருவர் சோடியம் குறைந்த உப்பு வாங்கச் சொல்லியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சாதா உப்பையே நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்தப் பார்க்கிறோம். ஊறுகாய் பாட்டில் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

அப்பாவுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் 5.4, கொஞ்சம் அதிகம். அதனால் உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அம்மா பொரியல் செய்கிறார். ருசியே இல்லை என்று தினமும் பஞ்சாயத்து.

பிரஷரை அப்பா வீட்டிலேயே பார்த்து நோட்டில் எழுதுகிறார். குளிர்காலத்தில் அது ஏறும் என்பதால் அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நோட்டையும் கொண்டுபோகிறோம்.