அகாடமி சவாலில் கோல்கீப்பர் சிக்கல்: லோன் எடுத்தால் சவால் முறிந்ததா?

வலதுபின்:
ஃபுட்பால் மேனேஜர் என்ற கம்ப்யூட்டர் கேமில் கிளப்பின் சொந்த இளையோர் அகாடமிப் பசங்களை மட்டும் வைத்து ஒரு சேவ் (சீசன் சீசனாகச் சேமித்துத் தொடரும் ஆட்டம்) ஓட்டுகிறேன். இங்கிலாந்தின் ஆறாவது அடுக்கில் ஆரம்பித்து இப்போது லீக் டூ வரை, அதாவது நான்காவது அடுக்கு வரை வந்தாச்சு. ஆரம்பத்திலேயே எழுதி வைத்த விதி இதுதான்: யாரையும் காசு கொடுத்து வாங்கக்கூடாது, சும்மா வந்தாலும் எடுக்கக்கூடாது, லோனும் (வேறு கிளப் ஆளைக் கொஞ்ச காலத்துக்கு இரவல் வாங்குவது) கூடாது. வருஷா வருஷம் அகாடமியில் வருகிறவர்கள்தான் ஆட வேண்டும். பயிற்சியாளர், பிசியோ இவர்களை மட்டும் வெளியிலிருந்து எடுக்கலாம்.

இப்போது ஜனவரி. 24 அணியில் 22-ஆவது இடம். கடைசி இரண்டு அணியும் இறங்கும். முதல் கீப்பருக்கு முழங்கால் தசைநார் கிழிந்து இந்த சீசனே போச்சு. அடுத்தவன் கான்ட்ராக்ட் முடிந்து கோடையிலேயே கிளம்பிவிட்டான். மிச்சம் இருப்பது 16 வயசுப் பையன் ஒருத்தன். கேம் தரும் மதிப்பெண்ணில் 20-க்கு ரிஃப்ளெக்ஸ் (ஷாட்டுக்குச் சட்டென்று பாய்வது) 7, ஹேண்ட்லிங் (பந்தைப் பிடிப்பது) 5, ஏரியல் ரீச் (உயரப் பந்தை எட்டுவது) 4. டிட்டர்மினேஷன் (மன உறுதி) மட்டும் 17.

போன ஆட்டத்தில் வலப்பக்கக் கார்னர். பையன் பந்தைப் பிடிக்க ஓடி வந்து பாதியில் நின்றுவிட்டான், காலி வலையில் ஹெட்டர். பத்து நிமிஷம் கழித்து அதே பக்கம், அதே கார்னர், அதே கோல். எதிரணிக்கு விஷயம் புரிந்துவிட்டது, அப்புறம் எல்லாப் பந்தையும் அவன் தலைக்கு மேலேதான் போட்டார்கள்.

சீசன் முடியும்வரை ஒரே ஒரு கீப்பரை லோனில் எடுத்தால் சவால் முறிந்துவிட்டது என்று சொல்வீர்களா?

சொந்தமண்:
முறிந்துவிட்டது. சந்தேகமே வேண்டாம்.

இந்த கேமில் சுலபம், கடினம் என்று தேர்ந்தெடுக்க எதுவும் கிடையாது. எவ்வளவு கடினம் என்பதை நீங்கள் எழுதும் விதிதான் முடிவு செய்கிறது. அந்த விதி முதல் தடவை வலிக்கும்போதே தளர்த்தினால், இவ்வளவு நாள் அது உங்களைத் தொடவே இல்லை என்றுதான் அர்த்தம்.

ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ கிளப்பைப் பாருங்கள். தங்கள் பாஸ்க் பகுதி ஆட்டக்காரர்கள் மட்டும் என்ற கொள்கையை நூறு வருஷத்துக்கு மேலாக வைத்திருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் செல்சி 80 மில்லியன் யூரோ கொடுத்து அவர்களின் முதல் கீப்பர் கெப்பாவைத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த கீப்பர் எர்ரெரினுக்குக் காயம். இன்னொரு கீப்பர் ரெமிரோவுடன் கான்ட்ராக்ட் தகராறு. எல்சே கிளப்புக்கு லோனில் அப்போதுதான் போயிருந்த உனாய் சிமோனைத் திருப்பி அழைத்து, லீக்கின் முதல் ஆட்டத்திலேயே லெகானேஸுக்கு எதிராக நிறுத்தினார்கள். ஜெயித்தார்கள். ஸ்பெயின் 2024 யூரோ கோப்பையைத் தூக்கியபோது கோலில் நின்றது அதே சிமோன்தான். உங்கள் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சந்தைக்காரன்:
உதாரணம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே பொருந்தாது. முதலாவது, சிமோனுக்கு அப்போது 21 வயசு. ரிசர்வ் அணியில் ஆடிப் பழகியவர். வலதுபின்னிடம் இருப்பது 16 வயசுக் குழந்தை.

இரண்டாவது, அத்லெடிக் அகாடமி மட்டும் வைத்து ஆடும் கிளப்பே இல்லை. அதே 2018 ஜனவரியில் டிஃபென்டர் லாபோர்ட்டை மான்செஸ்டர் சிட்டிக்கு 65 மில்லியனுக்கு விற்றுவிட்டு, பக்கத்து ரியல் சொசியெடாடிலிருந்து இனிகோ மார்ட்டினெஸை 32 மில்லியனுக்கு வாங்கினார்கள். அவர்கள் விதி எந்த ஊர் ஆள் என்பதைப் பற்றியது, வாங்கலாமா கூடாதா என்பதைப் பற்றியது இல்லை. அதுவும் காலத்துக்குக் காலம் விரிந்திருக்கிறது. வேறெங்கோ பிறந்தாலும் பாஸ்க் மண்ணில் ஆட்டம் கற்றிருந்தால் போதும் என்று ஆனது. லாபோர்ட் பிறந்தது பிரான்ஸின் அஜானில். ரியல் சொசியெடாடும் ஒரு காலத்தில் இதே கொள்கையில் இருந்ததுதான். 1989-ல் அயர்லாந்து ஸ்டிரைக்கர் ஜான் ஆல்ட்ரிட்ஜை எடுத்து அதைக் கைவிட்டது. கிளப் ஒன்றும் அழிந்துபோகவில்லை.

என் அடிப்படை ஆட்சேபம் வேறு. இந்த கேமில் எனக்கு உயிரான பகுதி டிரான்ஸ்பர் சந்தைதான். ஸ்கவுட் ரிப்போர்ட், ஏஜென்ட்டோடு இழுபறி, தவணை முறை, மறுவிற்பனையில் பங்கு எல்லாம் அங்கேதான். அத்தனையையும் மூடிவிட்டு, மார்ச்சில் அகாடமியின் அடுத்த செட் பசங்கள் வருவதற்காக கன்டினியூ பட்டனை அழுத்திக்கொண்டிருப்பதைக் கடினம் என்று சொல்கிறீர்கள். அது மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான். மெதுவானதெல்லாம் கடினம் ஆகாது.

சொந்தமண்:
விதி விரிந்தது உண்மை. எப்போது விரிந்தது என்று பாருங்கள். காலப்போக்கில் மெல்ல மெல்ல விரித்தார்கள். ஜனவரியில் 22-ஆவது இடத்தில் இருக்கிறோம், கார்னரில் கோல் வாங்குகிறோம் என்று விரிக்கவில்லை. 2024-ல் மயோர்காவை பெனால்டியில் ஜெயித்து 40 வருஷம் கழித்து ஸ்பெயின் கோப்பையை எடுத்தார்களே, அன்று கோலில் நின்ற அகிரெசபாலாவும் அவர்கள் அகாடமியில் வளர்ந்தவர்தான். அடுத்த கீப்பரும் வீட்டிலிருந்தே வருவான் என்று நம்பி வளர்த்தால்தான் அது நடக்கும்.

சந்தை உங்களுக்கு உயிர் என்றால் மறுக்கமாட்டேன். கீழ் அடுக்குகளில் அது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கோடை வந்தால் பெரிய கிளப்புகள் கழித்துவிட்ட பசங்களில் பத்துப் பேர், லோனில் நாலு பேர். கம்ப்யூட்டர் நடத்தும் கிளப்புகளுக்கு அணி கட்டத் தெரியாது, நாம் மேலே போய்விடுவோம். அடுத்த கோடையில் பத்துப் பேரையும் அனுப்பிவிட்டு வேறு பத்துப் பேர். ஐந்து சீசன் கழித்து ஒருத்தன் பெயர் ஞாபகம் இருக்குமா? வலதுபின் அந்தப் பையனின் ஏரியல் ரீச்சை மனப்பாடமாகச் சொல்கிறார். அகாடமி விதி இல்லாவிட்டால் அவன் யாரென்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

அரைக்கோடு:
இரண்டு பேரும் லோனிலேயே நிற்கிறீர்கள். இந்தச் சவாலை உண்மையில் கொல்வது வேறொன்று.

அகாடமியில் யார் வருகிறார்கள் என்பது இளையோர் வசதிகள், இளையோர் பயிற்சி, ஆள் தேடும் வீச்சு, அந்த நாட்டின் இளையோர் மதிப்பீடு, இளையோர் துறைத் தலைவர் எல்லாவற்றையும் பொறுத்தது. துறைத் தலைவரின் குணம் பசங்களின் குணத்திலும் ஓரளவு இறங்கும். இவ்வளவையும் வருஷக்கணக்காகக் கட்டிவிட்டு, புதுப் பசங்கள் அகாடமிக்கு வரும் அறிமுக நாளுக்கு முந்தின சேவை லோட் செய்தால் வேறு பசங்கள் வருகிறார்கள், ஏனென்றால் அந்த நாளில்தான் கேம் அவர்களை உருவாக்குகிறது. நல்ல ஸ்டிரைக்கர் வரும்வரை திரும்பத் திரும்ப லோட் செய்கிறவர்கள் எத்தனையோ பேர். வெளியிலிருந்து பார்த்தால் அது முழுக்க முழுக்க அகாடமி சேவ் மாதிரியே தெரியும். என்னைக் கேட்டால், பகிரங்கமாக எழுதிவிட்டு எடுக்கும் ஒரு லோன் அதைவிட எவ்வளவோ நேர்மை.

நிஜத்திலும் இதற்கு வழி உண்டு. இங்கிலாந்தில் லீக் டூ வரையுள்ள லீக்குகளை நடத்தும் இஎஃப்எல் அமைப்பின் விதிகளில் கீப்பர்கள் கிடைக்காமல் போனால் 7 நாள் அவசர லோன் எடுக்கலாம். அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாமே?

சந்தைக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். கீப்பர் இல்லாத ஒரே காரணத்தால் ஒரு கிளப் வீணாகக்கூடாது என்று லீக்கே நினைக்கிறது. லீக்கைவிடக் கறாராக நாம் எதற்கு இருக்க வேண்டும்?

சொந்தமண்:
அந்த ஏற்பாடு அவசரத்துக்கு. வலதுபின்னிடம் காயமில்லாத கீப்பர் ஒருத்தன் இருக்கிறான். கீப்பர் இல்லை என்பது வேறு, நல்ல கீப்பர் இல்லை என்பது வேறு.

பெஞ்ச்12:
நான் சான் மரினோ கிளப் ஒன்றை வைத்து ஓட்டுகிறவன். அந்த லீக் கேமோடு வராது, தனியாக டேட்டாபேஸ் சேர்க்க வேண்டும். அங்கிருந்து ஐரோப்பியப் போட்டியில் ஒரு சுற்றைத் தாண்டிய முதல் கிளப் த்ரே ஃபியோரி, அதுவே 2022-ல்தான். அங்கே தோல்வி தினசரிச் சோறு, அதனால் கேட்கிறேன்: இறங்கினால்தான் என்ன? ஐந்தாவது அடுக்கிலும் 46 ஆட்டம் இருக்கிறது. அந்தப் பையன் 46-லும் நிற்பான். ஒருத்தன் எவ்வளவு வளரலாம் என்பதற்கு மறைவான ஒரு உச்சவரம்பு உண்டு, ஆனால் அதை நோக்கிப் போக ஆட்டம் வேண்டும். கீப்பர்கள் எப்படியும் தாமதமாகத்தான் தேறுவார்கள். லோன் கீப்பர் வந்தால் இவன் பெஞ்சில் உட்கார்ந்தே 17-ஐத் தாண்டுவான்.

வலதுபின்:
இறங்குவதில் எனக்கு அவமானம் ஒன்றும் இல்லை. பயம் வேறு. என் ஸ்டிரைக்கர் கான்ட்ராக்டில் அணி இறங்கினால் குறைந்த விலைக்குப் போகலாம் என்று ஷரத்து இருக்கிறது. இரண்டு நடுக்கள ஆட்டக்காரர்களுக்கும் அதேதான். மூன்று பேரும் ஒரே வருஷ அகாடமி. ஆறாவது அடுக்கில் 16 வயசில் ஐந்து கோல், ஆறு கோல் என்று வாங்கியவர்கள்தான் இந்தக் கிளப்பை இங்கே கொண்டு வந்தார்கள். இறங்கினால் அந்த செட்டே கலைந்துவிடும். வருமானம் விழும், இளையோர் வசதிகளை உயர்த்தக் கேட்டால் போர்டு கையை விரிக்கும். அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

சந்தைக்காரன்:
பதில் உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. அந்த மூன்று பேரும் இந்தக் கிளப்பில் வளர்வதைப் பார்க்கத்தான் இந்த சேவ். விதி அதற்குக் கருவி. கருவியைக் காப்பாற்ற அந்த மூன்று பேரையும் இழக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? ஒரே ஒரு லோன் எடுங்கள், பதிவில் வெளிப்படையாக எழுதுங்கள். ஒற்றை ஆள் ஆடும் கேமில் இதனால் யாருக்கு அநியாயம்?

சொந்தமண்:
யாருக்கும் அநியாயம் இல்லைதான். ஆனால் லோன் எடுத்தால் என்ன போகும் என்று சொல்கிறேன்.

எடுத்தால் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடும், நீங்கள் மேற்கொண்டு எதையும் யோசிக்க மாட்டீர்கள். எடுக்காவிட்டால் யோசிக்க வேண்டும். உயரம் எட்டாத கீப்பர் ஏன் வெளியே ஓடி வருகிறான்? கோட்டை விட்டு முன்னேறி வரும் ஸ்வீப்பர் கீப்பராக விட்டிருந்தால் சாதாரண கீப்பராக மாற்றுங்கள், கோட்டிலேயே நிற்கட்டும். கிராஸைத் (ஓரத்திலிருந்து கோலை நோக்கித் தூக்கிப் போடும் பந்து) தடு என்ற கட்டளையைப் போடுங்கள், ஓரத்து டிஃபென்டர்களான ஃபுல்பேக் இரண்டு பேரும் வெளியே போய் மறிப்பார்கள். உள்ளே கொஞ்சம் இடம் திறக்கும், பரவாயில்லை. தரையில் வரும் ஷாட்டை ரிஃப்ளெக்ஸ் 7 சில நேரமாவது தடுக்கும், ஏரியல் ரீச் 4 மேலே வரும் பந்தை ஒருபோதும் தடுக்காது. கார்னருக்கு இரண்டு கம்பத்திலும் ஆளை நிறுத்துங்கள். உயரமான ஸ்டாப்பரை, அதாவது நடு டிஃபென்டரை, ஆளோடு ஒட்டவிடாமல் சிறு பெட்டியின் முன்விளிம்பில் வையுங்கள், பையன் வரவேண்டிய பந்தை அவன் எடுக்கட்டும். டிஃபென்ஸ் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

ஒரு பலவீனமான ஆளுக்காக மொத்த அணியையும் மாற்றிக் கட்டும் இந்த வேலைக்காகத்தான் நான் அகாடமி சவால் ஆடுகிறேன். சந்தை திறந்திருந்தால் ஆளை மாற்றுவேன். மூடியிருப்பதால் ஆட்டத்தை மாற்றுகிறேன்.

சந்தைக்காரன்:
இந்தக் கடைசிப் பத்தி நல்ல யோசனை, அதை மறுக்கவில்லை. ஆனால் இதெல்லாம் செய்த பிறகும் கீப்பர் கீப்பர்தான். 16 வயசுப் பையனை வைத்து மிச்ச சீசனை ஓட்டுவதில் கெட்டிக்காரத்தனத்தைவிட அதிர்ஷ்டம்தான் அதிகம் வேலை செய்யும்.

அரைக்கோடு:
விதியை மாற்றவே கூடாது என்பதில்லை, எப்போது மாற்றுகிறோம் என்பதுதான் விஷயம். நிஜ லீக்குகளும் கோடையில்தான் மாற்றும். ஜனவரியில் ஒரு கிளப்புக்குக் கஷ்டம் என்று யாரும் மாற்றமாட்டார்கள். வலதுபின், ஜூனில் உட்கார்ந்து ஒரு ஷரத்து சேருங்கள்: காயமில்லாத கீப்பர் ஒருத்தனும் இல்லாவிட்டால் மட்டும் 7 நாள் லோன். அது அடுத்த சீசனிலிருந்து நடைமுறைக்கு வரட்டும். இந்த சீசனுக்கு, ஆரம்பத்தில் எழுதியதுதான் விதி.

சந்தைக்காரன்:
லீக்கில் நடுவில் மாற்றினால் மற்ற 23 கிளப்பும் பாதிக்கப்படும், அதனால் மாற்றுவதில்லை. இங்கே எந்த 23 கிளப் வந்து புகார் கொடுக்கப்போகிறது?

சொந்தமண்:
நாங்கள் இருக்கிறோம். அகாடமி மட்டும் என்று தலைப்புப் போட்டு அவர் மேலே போனால், அதே விதியில் ஆடும் நாங்கள் எங்கள் சேவை அதோடு ஒப்பிடுவோம். அந்த ஒப்பீடு பொய்யாகக்கூடாது.

வலதுபின்:
முடிவு செய்துவிட்டேன். லோன் வேண்டாம். சனிக்கிழமை பையன்தான் நிற்கிறான், கோட்டை விட்டு வெளியே வராமல். இரண்டு கம்பத்திலும் ஆள், கிராஸைத் தடுக்கும் கட்டளை, ஸ்டாப்பர் முன்விளிம்பில். அரைக்கோடு சொன்ன ஷரத்தை ஜூனில் சேர்க்கிறேன். இறங்கினாலும் இதே சேவ்தான் தொடரும், லோட் செய்யமாட்டேன்.

சந்தைக்காரன்:
உங்கள் விருப்பம். நான் எடுத்திருப்பேன். ஆனால் ஒன்று, இதற்கு உங்கள் விதியில் தடையே இல்லை: அந்த மூன்று பேரையும் இப்போதே கூப்பிட்டு கான்ட்ராக்டைப் புதுப்பியுங்கள். சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் அந்த ஷரத்தை விட்டுக்கொடுக்க வாய்ப்பிருக்கிறது. ஸ்டிரைக்கரோடு முதலில் பேசுங்கள், அவன் மேல்தான் மற்ற கிளப்புகளின் கண் இருக்கும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடியே பேசிவிடுங்கள், தோற்றுவிட்டால் ஏஜென்ட் விலையை ஏற்றுவான்.