7777: அதிர்ஷ்ட எண்ணா, வரிசை எண்ணா?

செவ்வேள்: "வீடியோ கேம்களில் 7 அடிக்கடி வருவது வெறும் தற்செயல், அதிர்ஷ்டம் என்பதெல்லாம் ரசிகர்களின் கற்பனை" என்று ஆதவன் எழுதியிருப்பது எனக்குக் கடும் எரிச்சலைத் தருகிறது. 1997-இல் வெளிவந்த ஃபைனல் ஃபேண்டஸி 7-இல் ஒரு பாத்திரத்தின் உயிர்ப்புள்ளி, அதாவது எஞ்சியிருக்கும் உயிரைக் காட்டும் எண், சரியாக 7777-இல் வந்து நின்றால், அது நம் கட்டளைக்குக் காத்திராமல், அடிக்கு 7777 சேதம் என எதிரியைத் தொடர்ந்து தாக்குகிறது. இதைத் தற்செயல் என்பவர் அந்த ஆட்டத்தை ஆடியவராக இருக்க முடியாது.

ஆதவன்: நான் ஆடியிருக்கிறேன், ஐயா. அது அந்த வரிசையில் ஏழாவது ஆட்டம் என்பதால்தான் 7777 வைத்தார்கள். எட்டாவதாக இருந்திருந்தால் 8888 வைத்திருப்பார்கள்.

செவ்வேள்: 1994-இல் வந்த ஆறாவது ஆட்டத்திலேயே, செட்சர் என்ற சூதாடி சுழற்றும் ஸ்லாட்டில், அதாவது மூன்று சக்கரங்கள் சுழலும் சூதாட்ட மெஷினில், 7-7-7 விழுந்தால் எதிரிகள் அனைவரும் ஒரே நொடியில் மாண்டுபோவார்கள். ஏழாவது ஆட்டம் அப்போது வெளிவந்திருக்கவே இல்லை. எந்த வரிசை எண்ணைப் பார்த்து அங்கே 7 வைத்தார்கள்?

ஆதவன்: அது ஸ்லாட் மெஷினின் வழக்கம். நான் பேசுவது 7777 பற்றி. அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மதிவாணன்: இருவரும் 7-ஐ விட்டு நகரவே மாட்டீர்களா? பழைய ஆட்டங்களில் அதைவிட மிகுதியாகத் தென்படுவது 255. நினைவகத்தின் சிற்றலகான ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும் என்பதால், 1986-இல் வந்த செல்டா ஆட்டத்தில் ரூபி என்ற நாணயங்களின் எண்ணிக்கையும் 255-இல் நின்றுவிடுகிறது.

செவ்வேள்: நினைவகம் விதித்த எல்லையை எவரும் அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை, மதிவாணன். 255-ஐ வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்கவில்லை. இயந்திரம் அவர்மீது திணித்தது. 7777-ஐ இயந்திரம் கேட்கவில்லை, ஒரு மனிதர் விரும்பி வைத்தார். இந்த வேறுபாட்டைத்தான் பேக்-மேன் ஆட்டத்தின் 256-ஆம் கட்டத்தில், பைட்டின் அதே எல்லையால், திரையின் வலப்பாதி குலைந்துபோவது பற்றிய விவாதத்திலும் நான் விளக்கினேன். அன்றும் எவரும் காதில் வாங்கவில்லை.

ஆதவன்: அன்றும் கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நீங்கள் பிடித்த பிடிவாதத்தை நாங்கள் மறக்கவில்லை.

யாழினி: கொனாமியின் ஆட்டங்களில் 573-உம் நாம்கோவின் ஆட்டங்களில் 765-உம் மறுபடி மறுபடி வருகின்றன. அவை அந்தந்த நிறுவனத்தின் பெயரை ஜப்பானிய எண் ஒலிகளால் குறிப்பவை. ஆகவே ஓர் எண் திரும்ப வருவதாலேயே அதற்கு அதிர்ஷ்ட முத்திரை குத்துவது அவசரமான முடிவு.

செவ்வேள்: 573-க்குப் பரிசு என்ன, யாழினி? அது படைத்தவர்களின் கையொப்பம். ஆனால் 7 வரும் இடங்களில் ஆடுபவருக்குப் பரிசு கிடைக்கிறது. 1996-இல் வந்த முதல் போக்கிமான் ஆட்டத்தின் சூதாட்டக் கூடத்தில் மூன்று 7-கள் சேர்ந்தால் 300 காசுகள் விழும், அந்த மெஷினில் அதுவே உச்சப் பரிசு. ஃபைனல் ஃபேண்டஸி வரிசையின் ஒன்பதாவது ஆட்டத்தில் நாயகன் ஜிடேனின் உயிர்ப்புள்ளி 7-இல் முடிந்தால், "லக்கி செவன்" என்ற திறன் 7, 77, 777, 7777 ஆகியவற்றில் ஒன்றைச் சேதமாகத் தருகிறது. வரிசை எண்தான் காரணம் என்றால் அங்கே 9 அல்லவா இருந்திருக்க வேண்டும்?

ஆதவன்: ஒன்பதாவது ஆட்டம் முழுக்க முந்தைய ஆட்டங்களுக்குச் செலுத்திய மரியாதை என்பது ஆடியவர் அனைவருக்கும் தெரியும். ஏழாவதில் இருந்த 7777 அங்கே நினைவுகூரப்படுகிறது, அவ்வளவுதான். என் வாதம் இன்னும் வலுப்பெறுகிறது.

மதிவாணன்: 255 பற்றி நான் சொன்னதற்கு இன்னும் நேரான மறுப்பு வரவில்லை.

செவ்வேள்: மறுத்தாகிவிட்டது, மேலே படியுங்கள். ஆதவன், திறனின் பெயரிலேயே அதிர்ஷ்டம் இருக்கிறது, 1994-ஆம் ஆண்டின் ஸ்லாட்டும் அப்படியே நிற்கிறது. அதற்கு விடை தராமல் ஒன்பதாவதைப் பற்றிப் பேசாதீர்கள்.

ஆதவன்: ஸ்லாட் வேறு, 7777 வேறு. எத்தனை முறை கேட்டாலும் இதுதான் என் விடை.